தடுப்பூசி நாளன்று இரண்டே கேள்விகள்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது; ஆட்டிசம் உள்ளவன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுத்திருக்கலாம். வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது.

ஒன்றரை வயதில் அவன் எதையும் விரல் நீட்டிக் காட்டியதில்லை. தாகமெடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைச் சொம்பின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். என் கை அவனுக்கு ஒரு கரண்டி மாதிரி. நாங்களோ சமர்த்துப் பிள்ளை என்று பூரித்தோம். இரண்டு வயதில் பார்த்த மருத்துவர், "ஆண் பிள்ளை, பேச்சு மெதுவாகத்தான் வரும், மூன்று வயது வரை பாருங்கள்" என்றார். என் மாமியாரும் தெலுங்கில் அதையேதான் சொன்னார், கட்டணம் வாங்காமல். பார்த்தோம். பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது அவனுக்கு நாலரை வயது.

சொல் வருவதற்கு வெகுமுன்பே குழந்தை காக்கையைப் பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கிறது, மறுபடி காக்கையைப் பார்க்கிறது. அந்தப் பார்வைகளுக்கு நடுவில்தான் 'காக்கா' ஒட்டிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரும் தடுமாறும் இடம் அதுதான். அங்கே கைகொடுக்க, பேச்சு வரட்டும் என்று எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

வாரம் இருமுறை வேலூருக்கு பஸ். பயிற்சி நேரம் பிற்பகல் இரண்டு மணி. உள்ளே அழைக்கும்போது பையன் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான். ஆனாலும் முதல் பேச்சைத் தந்தது அந்த பஸ்தான்: "ரைட் ரைட்". கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான், அர்த்தமில்லை, நிறுத்தப் பழக்குங்கள் என்றார்கள் பயிற்சியில். எழுந்து போக ஆசைப்படும்போது மட்டுமே அதைச் சொல்கிறான் என்பதைக் கவனித்தது நான். ஒவ்வொரு முறையும் "கிளம்பலாமா?" என்று பதில் கொடுத்தேன். சில மாதங்களில் அவனே "கிளம்பலாம்" என்றான். இன்னொரு அறிவுரை, வீட்டில் ஒரே மொழி பேச வேண்டும் என்பது. தெலுங்கு மட்டுமே சரளமாக வரும் பாட்டி ஒரு வருடம் பேரனிடம் வாய் திறக்கவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதைப் பிற்பாடுதான் அறிந்தோம். அந்த ஒரு வருடத்தை யாரிடம் கேட்பது?

அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை மருத்துவக் குழு வருகிறது. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை அங்கே எங்கே உட்கார்ந்திருக்கிறது? தடுப்பூசிக்கு மட்டும் தவறாமல் வருகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசியும் போடுகிறார்களே, அன்று கிராம சுகாதார செவிலியர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: விரல் நீட்டிக் காட்டுகிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? இல்லை என்றால் அன்றே மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

முறை வரும்வரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து பெற்றோரோடு தொடர்புகொள்வது கூடியது. நம் அங்கன்வாடிப் பணியாளர்களால் ஆகாததா?

ஐந்து வயது தாண்டினால் பயனில்லை என்று கைவிரிப்பவர்களையும் கண்டிக்க வேண்டும். நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2013இல் வந்த ஆய்வில், 70 சதவீதம் பேர் பின்னாளில் சொற்களைக் கோத்துப் பேசினார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானோர் சரளமாகவே பேசினார்கள். என் மகன் 'தண்ணி குடு' என்றது ஆறரை வயதில்.

எங்கள் பகுதியில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அந்த இரண்டு கேள்விகளையும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் அச்சிட ஒரு தாள் போதும்.

இப்படிக்கு,
குடியாத்தத்து நெசவாளி ஒருத்தி