ஒன்பது நாளும் எங்களைத் தாங்கிய வன்னிச் சனத்துக்கு

அன்பு உறவுகளுக்கு,

ஆடி முடியுமுன் நானும் என் கணவரும் கனடாவுக்குப் போகிறோம். வினிபெக்கில் அவருக்கு வேலை சரிவந்திருக்கிறது. பெட்டி கட்டத் தொடங்குமுன் வன்னியை ஒருதடவை ஆறுதலாகப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. வைகாசிப் பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை விடியப்புறம் வெளிக்கிட்டு, ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வழியில் உதவிய பலரிடம் நாங்கள் தொலைபேசி இலக்கம்கூட வாங்கவில்லை. கேட்டபோது "அதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை" என்று சிரித்தவர்களும் உண்டு. அவர்கள் கண்ணில் எப்படியாவது படட்டும் என்றுதான் எல்லோருக்குமாக இந்த மடல்.

"முள்ளியவளையில பிறந்தவளுக்கு வன்னியில பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். வீதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீதிகளால் நான் போனதெல்லாம் அவசரத்துக்குத்தான். இடம்பெயர, ஆஸ்பத்திரிக்கு, சோதனை எழுத, பிறப்பத்தாட்சிப் பத்திரம் எடுக்க. மாங்குளத்துக் காட்டில் பாலைப்பழம் பழுத்துக் கிடக்கிறதென்று இறங்கி நின்று, கை பிசுபிசுக்கத் தின்றது இந்தப் பயணத்தில்தான்.

முதலில் சித்தப்பா. முத்தையன்கட்டுத் தோட்டத்துக்குப் போய்வர உங்களுக்கு இருந்தது அந்த ஒரு மோட்டார் சைக்கிள். "எனக்கு இப்ப தோட்டத்தில வேலை இல்லை, கொண்டு போங்கோ" என்றீர்கள். கச்சானுக்குத் தண்ணீர் கட்டுகிற நாட்களில், சோளகக் காற்றுக்கு எதிராக, அவ்வளவு தூரமும் மிதிசைக்கிளில் போய் வந்திருக்கிறீர்கள். திரும்பி வந்தபிறகு சித்தி சொல்லித்தான் அது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டோம் என்றுதானே பொய் சொன்னீர்கள்.

பொங்கல் இரவு வற்றாப்பளையில் எங்களுக்கு இடம் விட்டுத்தந்த அக்காவுக்கு நன்றி. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, பிறகு கண்ணகை அம்மனிடம் கொண்டுவருகிற வழக்கத்தைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். என் கணவர் பார்த்தது இதுதான் முதல்தடவை. சனம் நெருக்கியடித்து நின்றபோது, "வெளிநாடு போற பிள்ளையள், கிட்டப் பார்க்கட்டும்" என்று உங்கள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை முன்னுக்கு விட்டீர்கள்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் நினைவிடத்தில் நின்றோம். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் அது. வெள்ளைக்காரர் தங்கள் வெற்றியைச் சொல்லக் கல் நாட்டினார்கள். இருநூறு வருடங்களுக்குப் பிறகும் நம் சனம் மாலை போடுவது தோற்றவனுக்குத்தான். என் கணவர் அந்த இடத்தைவிட்டு வர மனமில்லாமல் நின்றார். அதனால்தான் சுணங்கினோம். அங்கிருந்து மாங்குளம் போகிற காட்டுவீதியில் பின் ரயர் காற்றுப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. முன்னும் பின்னும் ஒரு வீடில்லை.

உழவு மெசினில் வந்த அண்ணை, நீங்கள் எங்களைத் தாண்டிப் போய், நிறுத்தி, பின்னுக்கு எடுத்து வந்தீர்கள். "ஆனை இறங்கிற நேரம், இதில நிக்கக்கூடாது" என்று ஒரு சொல். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் இருந்த விறகைப் பாதி வீதியோரம் இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளை ஏற்றினீர்கள். மாங்குளத்தில் கடை பூட்டியிருந்ததால் கடைக்காரத் தம்பியின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு, அவர் ஒட்டிமுடிக்கும்வரைக்கும் ரோச் பிடித்தீர்கள். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டீர்கள். அந்த விறகு அடுத்தநாள் போகும்போது அங்கே இருந்ததோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு போன அன்று இரவு ஒரு விடுதியில் எங்களுக்கு அறை தரவில்லை. விவாகப் பதிவுப் பத்திரம் கையில் இல்லை, அதுதான் காரணம். கழுத்தில் தாலியோடு வாசலில் நின்று கெஞ்ச எனக்கு ஏலவில்லை. எதிரில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த அக்கா இதைக் கண்டுவிட்டு, "வாங்கோ, கடை பூட்டினதும் வீட்டை போவம்" என்றா. போனோம். அந்த வீட்டில் இருந்தது ஒரு நுளம்பு வலை. அதை எங்களுக்குக் கட்டித்தந்துவிட்டு, வேப்பம் இலைப் புகைச்சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக்கொண்டு படுத்தா. விடிய எழும்பிப் பார்த்தபிறகுதான் கண்டேன். அக்கா, உங்கள் சின்னவளின் கால் முழுக்க நுளம்பு கடித்த தடிப்பு. அவளுக்கு நாங்கள் வாங்கி அனுப்புகிற வலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதேயுங்கோ.

என் கணவரின் தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, இரணைமடுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். அந்தக் காணி இப்போது அவர்கள் கையில் இல்லை. எங்கே என்றுகூட இவருக்குச் சரியாகத் தெரியாது. சிறுபோக வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒரு ஐயாவிடம் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் அவர் மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டார். "அவரு பேரனா நீங்க? இந்தா, இந்த வாய்க்கா மொதல்ல அவரும் நானும் வெட்டுனது தம்பி." பிறகு முழங்கால் அளவு தண்ணீரில் இவரை இறக்கி, வாய்க்கால் நெடுக நடத்திக் காட்டினார். பிறந்த இடம் எது என்று விசாப் படிவம் கேட்டபோது கிளிநொச்சி என்று இவர் ஒரு சொல்லில் எழுதியிருந்தார். அன்று பின்னேரம் அணைக்கட்டில் இருந்துகொண்டு அந்த வாய்க்காலைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். ஐயா, நீங்கள் எங்களுக்குத் தந்தது பெரிய காரியம்.

போர்க்காலத்தில் காகிதங்கள் எல்லாம் பங்கருக்குள் தொலைந்துபோன எங்களுக்கு அந்தப் பத்திரங்களைத் திரும்ப எடுத்துத்தந்த கிராம சேவையாளருக்கும், பதிவகத்தில் பழைய புத்தகங்களைப் பொறுமையாகப் புரட்டிய தங்கச்சிக்கும் நன்றி. பூநகரியில் மொட்டைக்கருப்பன் அரிசி இரண்டு கிலோ கட்டித்தந்த மாமிக்கும் நன்றி.

கடைசி நாள் பரந்தனால் திரும்பினோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009 இல் உழவு மெசின் பெட்டியில் சாமான்களுக்கு மேல் இருந்து போன அதே வீதி. அப்போது எனக்கு 11 வயது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் வர வர நான் பேச்சை நிறுத்திவிட்டேன். இவரும் ஒன்றும் கேட்காமல் மெதுவாக ஓட்டினார்.

இரணைப்பாலையில் ஒரு வளவில் நாங்கள் கொஞ்ச நாள் இருந்தோம். அந்த மாசியில் அம்மம்மா ஷெல் பட்டுச் செத்தது அங்கேதான். வேலியோரம் இரட்டைப் பனைக்குக் கீழே தாட்டுவிட்டு அன்றிரவே வெளிக்கிட்டோம். அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை, என்னையும் போகவிட்டதில்லை. இந்தமுறையும் சொல்லாமல்தான் போனேன்.

இரட்டைப் பனையில் ஒன்று தலை இல்லாமல் நின்றது. படலையடியில் நின்ற அம்மாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டேன். நீங்கள் கிணற்றில் அள்ளி, வாளியோடு தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "பிள்ளை, நீங்கள் ஆரையேன் தேடி வந்தனீங்களோ?"

சொன்னேன். ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தீர்கள். பனையடிவரைக்கும் மரவள்ளி நட்டிருந்தது. பனையடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நிலம் கொத்துப்படாமல், புல்லோடு கிடந்தது. "மீளக் குடியேறி வந்து துப்பரவாக்கேக்க இந்த மண் ஏறி இருந்தது. ஆரின்ர பிள்ளையோ, ஆரின்ர தாயோ எண்டு நான் கொத்தேல்லை. வெள்ளிக்கிழமையில ஒரு கற்பூரம் கொளுத்திறனான்."

இத்தனை வருடம், பெயர் தெரியாத ஒரு மனிசிக்கு. அம்மா, அவவின் பெயரை அன்றைக்குத்தான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தீர்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நெடுநேரம் அழுதா. பிறகு கற்பூரம் கொளுத்துகிறது எந்த இடத்தில், கிழக்குப் பக்கமோ என்று கேட்டா. வருகிற மாசியில் திதிக்கு அங்கே வருவதாகச் சொல்கிறா. நாங்கள் அப்போது இங்கே இருக்கமாட்டோம், சித்தப்பாதான் கூட்டிவருவார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. பனையடியில் ஒரு கதிரை போட்டுவிடுங்கோ.

என்றும் அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து உங்கள் பிள்ளைகள் இருவர்