பால் விலையும் வரிப்படிவமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சென்ற இதழில் வெளியான இரண்டு அரசியல் கட்டுரைகளையும் படித்தேன். சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகள் கொன்சர்வேட்டிவ் கட்சி கனடாவுக்குத் தந்த கொடை என்றும், லிபரல்கள் அவற்றை அரைமனதோடு ஏற்றுக்கொண்டவர்கள் என்றும் முதலாவது கட்டுரை சொல்கிறது. பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு வரியில் கைகொடுத்தவர்கள் லிபரல்கள் மட்டுமே என்று அடுத்தது சொல்கிறது. தேர்தல் மேடைகளில் கேட்டுப் பழகிய பேச்சுகள்தாம் இவை. ஓய்வுபெற்ற பின்னர் ஒவ்வொரு மார்ச் மாதமும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வருமானம் குறைந்தவர்களின் வரிப்படிவங்களைத் தொண்டராக நிரப்பிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், இவற்றுக்குச் சில திருத்தங்கள் சொல்ல விரும்புகிறேன்.

வர்த்தகத்தைப் பொறுத்தவரை, இந்த நாட்டில் கட்சிகள் கொள்கையை மாற்றிக்கொண்ட வேகம் வியப்பூட்டுவது. 1911இல் அமெரிக்காவுடன் வரி குறைப்பு உடன்படிக்கையைக் கொண்டுவந்து அதனாலேயே ஆட்சியை இழந்தவர் லிபரல் பிரதமர் லோரியே. அதை எதிர்த்து வென்றவர்கள் கொன்சர்வேட்டிவ்கள். 1983இல் கொன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது அமெரிக்காவுடன் சுதந்திர வர்த்தகம் வேண்டாம் என்ற பிரையன் மல்ரோனி, 1988இல் அதையே தேர்தல் பொருளாக்கி வென்றார். அப்போது கடுமையாக எதிர்த்த லிபரல் கட்சி 1993இல் ஆட்சிக்கு வந்து, 1994 ஜனவரி முதல் மெக்சிக்கோவையும் உள்ளடக்கிய நாப்டா என்ற வடஅமெரிக்க சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தியது. பசிபிக் நாடுகளுடனான வர்த்தக உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தையைக் கொன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பரின் அரசு முடித்தது 2015 ஒக்ரோபர் 5ஆம் நாள், தேர்தலுக்குச் சரியாக இரண்டு வாரங்கள் முன்பு. அமெரிக்கா விலகிய பின் 'முற்போக்கு' என்ற சொல்லைப் பெயரில் சேர்த்து 2018 மார்ச்சில் அதில் கையொப்பமிட்டது லிபரல் பிரதமர் ட்ரூடோவின் அரசு. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் கதையும் இதுவே: கொள்கையளவில் இணக்கம் கண்டவர் ஹார்ப்பர், கையொப்பமிட்டவர் ட்ரூடோ. இதில் எந்தக் கட்சி யாருக்குக் கொடை கொடுத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குடும்ப வரி விடயத்தில் உண்மையான வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது கட்டுரையாளர் காட்டிய இடத்தில் இல்லை. வரி விதிக்கப்பட வேண்டியது தனிநபருக்கா, குடும்பத்துக்கா என்பதே அந்த வேறுபாடு. கொன்சர்வேட்டிவ் பிரதமர் டீபன்பேக்கரின் அரசு நியமித்த, வரி பற்றிய கார்ட்டர் ஆணைக்குழு, குடும்பத்தையே வரி அலகாகக் கொள்ள வேண்டும் என்று 1960களில் பரிந்துரைத்தது. 1969இல் லிபரல் அரசின் வரிக் கொள்கையைச் சொன்ன வெள்ளை அறிக்கை அதை ஏற்கவில்லை. அதனால் கனடாவில் கணவனும் மனைவியும் முன்பு போலவே இன்றும் தனித்தனி வரி செலுத்துநர்கள்.

2014 ஒக்ரோபர் 30ஆம் நாள் ஹார்ப்பர் அறிவித்த வருமானப் பகிர்வு இந்த முறையைத் தொட்டுப் பார்த்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தம்பதியரில் கூடிய வருமானம் உழைப்பவர் 50,000 டொலர் வரையான தொகையைத் துணைவரின் கணக்கில் எழுதிப் பார்த்து, வரும் வித்தியாசத்தில் 2,000 டொலர் வரை வரிக்கழிவாகப் பெறலாம் என்பது திட்டம். ஒருவர் 100,000 டொலர் உழைத்து மற்றவர் வீட்டில் இருந்தால் முழுப் பயனும் கிடைக்கும். இருவரும் ஆளுக்கு 45,000 உழைத்தால் எதுவும் இல்லை. தனித்து வாழும் தாய்க்கும் இல்லை. கணவர் மட்டும் தொழிற்சாலையில் 40,000 உழைத்து, மனைவி மூன்று பிள்ளைகளை வீட்டிலிருந்து பார்க்கும் குடும்பத்துக்கும் இல்லை. மிகக் குறைந்த வீதத்தில் வரி விதிக்கப்படும் முதல் படி அந்த ஆண்டில் 43,953 டொலர் வரை நீண்டதால், பகிர்ந்து காட்டினாலும் வீதம் குறையாது. 'வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு மதிப்பு' என்று மேடையில் பேசப்பட்ட திட்டம், நான் படிவம் நிரப்பிக் கொடுத்த அம்மாக்களில் பெரும்பாலோரின் வாசற்படியைத் தாண்டவில்லை. சமூகத்துக்கு ஒட்டுமொத்தமாக இதனால் நன்மை உண்டா என்று ஐயம் எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், அதே அரசின் நிதி அமைச்சராக இருந்த ஜிம் பிளாஹெர்ட்டி என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

லிபரல்கள் ஆட்சிக்கு வந்ததும் அதை நீக்கினார்கள். ஆனால் 2007 முதல் நடைமுறையிலுள்ள ஓய்வூதிய வருமானப் பகிர்வை அப்படியே விட்டுவிட்டார்கள். எழுபது வயதுத் தம்பதியர் பிரித்துக் காட்டலாம், முப்பது வயதுத் தம்பதியர் பிரிக்கக் கூடாது என்பதற்கு எந்தக் கொள்கை அடிப்படை என்று எனக்கு எவரும் விளக்கியதில்லை. முதியோர் தவறாமல் வாக்களிப்பவர்கள் என்பது மட்டும் தெரியும்.

2016 யூலையில் வந்த கனடா குழந்தை நலக் கொடுப்பனவு நல்ல திட்டம். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,400 டொலர் வரை, ஆறு முதல் பதினேழு வயது வரை 5,400 டொலர் வரை, வரியற்ற பணமாக வந்தபோது நாங்கள் படிவம் நிரப்பும் மண்டபத்து மேசைகளில் தெரிந்த நிம்மதியை நான் நேரில் கண்டவன். அதற்கு முந்தைய ஆண்டு யூலையில், பழைய பிள்ளைக் கொடுப்பனவின் ஏழு மாத உயர்வை ஒன்றாகச் சேர்த்து, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 420 டொலர் என்று தேர்தலுக்கு மூன்று மாதங்கள் முன்பு கொன்சர்வேட்டிவ் அரசு அனுப்பிய பணம் வரிக்குரியதாக இருந்ததால், மறு ஆண்டு படிவத்தில் அதன் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது. அந்த வகையில் புதிய முறை மேலானது.

ஆயினும் வரியைத் தனிநபர் கணக்கில் அறவிடும் அரசு, கொடுப்பனவைக் குடும்பக் கணக்கில் அளக்கிறது என்பதை லிபரல் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. கணவர் 45,000 உழைக்கும், இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தில், மனைவி பகுதிநேர வேலைக்குப் போய் 20,000 உழைக்கத் தொடங்கினால், கூடும் ஒவ்வொரு டொலருக்கும் 13.5 சதம் வீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 டொலர் கொடுப்பனவு குறைகிறது. கணவருக்கு இருந்த துணைவர் வரிக்கழிவும் போய்விடுகிறது. மார்ச்சில் படிவம் நிரப்பும்போது மகிழ்ச்சியாகப் போனவர், கொடுப்பனவு குறைந்ததைச் சொல்லும் யூலைக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, "அண்ணை, எங்கேயோ பிழை விட்டிட்டீங்கள்" என்று கேட்பார். பிழை இல்லை என்று விளங்கப்படுத்துவதே என் கோடைகால வேலை.

இரண்டு கட்டுரைகளும் வர்த்தகத்தையும் குடும்ப வரியையும் வெவ்வேறு அலுமாரிகளில் வைத்துப் பேசின. ஒரு குடும்பத்தின் பணப்பையில் அவை ஒன்றாகவே கிடக்கின்றன. ஒதுக்கீட்டளவுக்கு மேல் கனடாவுக்குள் வரும் வெண்ணெய்க்கு 298.5 வீதமும் பாற்கட்டிக்கு 245.5 வீதமும் இறக்குமதித் தீர்வை உண்டு. பாலும் தயிரும் இல்லாமல் பிள்ளைகளின் சாப்பாடு நகராத எங்கள் வீடுகளில் இதுவும் ஒரு குடும்ப வரிதான். வரிப்படிவத்தில் இதற்கு வரி எண் கிடையாது, அவ்வளவே. பிள்ளைகள் அதிகமாக இருந்தால் கூடுதலாகவும், வருமானம் குறைந்தால் இன்னும் பாரமாகவும் விழும் வரி இது. சுதந்திர வர்த்தகத்தின் பெயரால் வாக்குக் கேட்ட எந்தப் பிரதமரும், பால் உற்பத்தியையும் இறக்குமதியையும் ஒதுக்கீட்டால் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டதில்லை. உடன்படிக்கைதோறும் சந்தையில் சிறு பங்கைத் திறந்துவிட்டு, அதற்கான நட்டஈட்டைப் பண்ணையாளருக்குத் திறைசேரியிலிருந்து கொடுப்பதே வழக்கம்: 2015இல் ஹார்ப்பர் வாக்குறுதி அளித்தது 4.3 பில்லியன் டொலர். 2019இல் லிபரல் அரசு பாற்பண்ணையாளருக்கு அறிவித்தது 1.75 பில்லியன். கடையில் ஒரு முறையும் வரியில் ஒரு முறையும் ஆக இரு தடவை செலுத்துகிறோம். 2017இல் கொன்சர்வேட்டிவ் தலைமைக்கு இந்தப் பால் ஏற்பாட்டை எதிர்த்துப் போட்டியிட்ட மக்சிம் பேர்னியே மயிரிழையில் தோற்றார். 2025 யூனில், இனி எந்தப் பேச்சுவார்த்தையிலும் இந்தச் சந்தையை மேலும் திறக்கக் கூடாது என்ற சட்டம் கட்சி பேதமின்றி நிறைவேறியது.

கடன்பட்டு ஒதுக்கீட்டு உரிமை வாங்கிய பண்ணைக் குடும்பங்களை நாளையே தெருவில் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தீர்வை மிரட்டல்களுக்கு நடுவில் எதையும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது பேரத்துக்கு உதவலாம் என்ற வாதத்திலும் பொருள் உண்டு. அந்தச் செலவை யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை, குழந்தைக் கொடுப்பனவைப் பற்றிப் பேசும் அதே மேடையில் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்கள் தொகுதி வேட்பாளர்களை நேர்காணும்போது, வழக்கமான கேள்விகளோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். வேலைக்குப் போகும் இரண்டாவது உழைப்பாளரின் வருமானத்தில் கொடுப்பனவு குறையும் வீதத்தை உங்கள் கட்சி மாற்றுமா? நாப்டாவுக்குப் பதிலாக வந்த வடஅமெரிக்க உடன்படிக்கையின் 2026 மீளாய்வில் பால், பாற்கட்டி பற்றி உங்கள் கட்சியின் நிலைப்பாடு, மாதம் 225 டொலர் கொடுப்பனவு குறைந்துபோன ஒரு தாயின் கடைச் சிட்டையில் எவ்வளவு கூட்டும் அல்லது குறைக்கும்? பதில்களை, வேட்பாளர் எந்தக் கட்சியினர் ஆனாலும், வெட்டாமல் பிரசுரியுங்கள். கோவில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க நான் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
ஸ்காபரோ