பென் டிரைவ் ரேம் ஆகாது

ஆசிரியருக்கு,

பழைய கணினியில் பென் டிரைவைச் செருகி ‘ரெடிபூஸ்ட்’ வசதியை இயக்கினால் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கூடும், வேகம் இரட்டிப்பாகும் என்ற யோசனை கணினிக் குறிப்புப் பகுதிகளில் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. தங்கள் இதழிலும் வந்தது. அதனால் ஒரு எம்பி ரேம்கூட அதிகமாகாது. அதை நம்பிக் கடைக்குப் போகும் வாசகர்களுக்காக இந்த விளக்கம்.

ரெடிபூஸ்ட் 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. 512 எம்பி ரேமில் விஸ்டா திணறிய காலம் அது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், கேட்ட தகவல் ‘ஹெட்’ என்னும் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 5.6 மில்லி விநாடி ஆகும். ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 10 மில்லி விநாடி. ஆக, விநாடிக்கு அறுபது எழுபது இடங்களைத்தான் தேடிப் படிக்க முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி துண்டு என்றால் மொத்தம் கால் எம்பி. பென் டிரைவில் சுழல எதுவும் இல்லை. அத்தகைய துண்டுகளை விநாடிக்கு 2.5 எம்பியாவது படித்தால்தான் விஸ்டா அதை ஏற்றுக்கொள்ளும். பத்து மடங்கு வேகம். அன்றைக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பென் டிரைவில் இருப்பது டிஸ்க்கில் உள்ள தகவலின் நகல் மட்டுமே, அது ரேம் ஆகாது. விண்டோஸ் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க்) இருந்தால் ‘இந்தக் கணினி போதிய வேகத்தில் இருக்கிறது’ என்று ரெடிபூஸ்ட் தானே ஒதுங்கிக்கொள்ளும். 2022-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

எதை வாங்குவதற்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள் (கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்). பல கணினிகளில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும்; ஆனால் படிக்கும் வேகம் 1 எம்பி, 2 எம்பி என்று தவழும். ஹெட் இங்கும் அங்கும் ஓடி நேரத்தைத் தின்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எஸ்எஸ்டி போட்டால் இந்தக் கோளாறு தீரும். டிஸ்க் சும்மா இருந்து, மெமரி (ரேம்) 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேமைக் கூட்டுங்கள். இரண்டுமே நிரம்பி நின்றால்? 4 ஜிபி கணினிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 550 எம்பி, 3500 எம்பி எல்லாம் பெரிய கோப்பை ஒரே வரிசையில் படிக்கும் வேகம். விண்டோஸ் எழுந்து வருவதற்கும் பிரவுசர் திறப்பதற்கும் தேவைப்படுவது 4 கேபி வேகம். அதில் சாதாரண சாட்டா (ஹார்டு டிஸ்க்குக்கும் உள்ள அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டியே விநாடிக்கு 20 முதல் 40 எம்பி தரும். மேலே சொன்ன கால் எம்பியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறு மடங்கு. 300 எம்பிக்கு மேல் போகாத பழைய சாட்டா 2 மதர்போர்டிலும் இந்த லாபம் குறையாது. ஆகவே ‘உங்க போர்டுக்கு எஸ்எஸ்டி போட்டுப் பயனில்லை’ என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

மடிக்கணினி என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 என்றால் இடைவெளிக்கு ஒரு ஸ்பேசர் வைக்காவிட்டால் கனெக்டர் ஆடும். எம்.2 ஸ்லாட் (அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ-யா என்று மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். சாட்டா மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இ அட்டை உட்கார்ந்தாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) தெரியாது.

குளோன் செய்யும்போதுதான் (பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது) அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைப் பாருங்கள். ‘பென்டிங் செக்டர்’ (படிக்கத் திணறும் பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். குளோன் பாதியில் நிற்கலாம், அந்த உழைப்பிலேயே டிஸ்க் விழுந்தும் விடலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் பூட் ஆகாது (விண்டோஸ் எழாது). பூட் பகுதி தனியாக இருக்கிறது, முழு டிஸ்க்கையும் எடுக்க வேண்டும். விண்டோஸோடு லினக்ஸும் இருக்கும் கணினிகளுக்கும் இதுவே விதி. 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 238 என்றுதான் தெரியும். பயன்பாட்டில் உள்ளது 190 ஜிபிக்குள் இருந்தால் நல்லது. முதல்முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்திருங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும்.

பழைய மேசைக் கணினிகளில் பயாஸ் ‘ஐடிஇ’ என்ற பழைய டிஸ்க் இணைப்பு முறையில் இருக்கும். அதை நேரடியாக ‘ஏஹெச்சிஐ’ என்ற புதிய முறைக்கு மாற்றினால் நீலத்திரைதான். விண்டோஸ் 10 என்றால் அதை ஒருமுறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், டிரைவர் தானே சேர்ந்துகொள்ளும்.

மடிக்கணினியில் டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்து இரண்டாவது டிஸ்க் போடுவது நல்ல வழி. 12.7, 9.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவு உண்டு, அளந்து வாங்கவும். எஸ்எஸ்டி எப்போதும் பழைய டிஸ்க் இருந்த இடத்தில். ஹார்டு டிஸ்க் கேடியில். மாற்றிப் போட்டால் சில மாடல்களில் அந்த போர்ட்டிலிருந்து பூட் ஆகாது.

மாற்றிய பின் டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒரே வரிசையில் அடுக்குவது) செய்ய வேண்டாம். விண்டோஸின் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பக்கத்தில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டினால் போதும். டிரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடத்தைக் காலியாக அறிவிப்பது) விண்டோஸே பார்த்துக்கொள்ளும். ‘ஆயுள் குறையும், பேஜ் ஃபைலை அணைத்துவிடுங்கள்’ என்பதும் வேண்டாத அறிவுரை. ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு அது. 4 ஜிபி ரேமில் அதை அணைத்தால் புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் டிக் டிக்கென்று சத்தம் போடும், மெதுவாகும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் போய்விடும், டிரிம் ஆன கோப்புகளை மீட்புக் கடைகளாலும் எடுத்துத்தர முடியாது. கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு மாதம் ஒருமுறை நகலெடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர், மதுரை