பூச்சிக்கொல்லி சென்சார் பட்டைகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

குழாய்த் தண்ணீரை வைத்தாலே எங்கள் பட்டை பூச்சிக்கொல்லி இருப்பதாகக் காட்டுகிறது, ஆய்வகத்தில் கொடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்ற புகார் வேகமாகப் பரவி வருகிறது. பட்டையே போலி என்று சிலர் எழுதியிருப்பது வருத்தம் தருகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

பட்டையின் கார்பன் எலக்ட்ரோடு (மின்முனை) மேல் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நொதி பூசியிருக்கிறோம். நீங்கள் விடும் அசிட்டைல்தயோகோலினை அது தயோகோலினாக உடைக்கும். தயோகோலின் எலக்ட்ரோடில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வரும் மின்னோட்டத்தையே மீட்டர் அளக்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரண்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் நொதியை முடக்குவதால் மின்னோட்டம் இறங்கும். குழாய்த் தண்ணீரில் மிஞ்சிய குளோரின் நொதியைக் கெடுத்தாலும், செம்பு, பாதரச அயனிகள் முடக்கினாலும் அப்படியேதான் இறங்கும். எதனால் இறங்கியது என்று மீட்டருக்குத் தெரியாது.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே குளோரினுக்கு வழி இருக்கிறது. 120 மில்லி தண்ணீரில் 3 விழுக்காடு சோடியம் தயோசல்பேட் கரைசல் 0.1 மில்லி விட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் வரையிலான குளோரின் போய்விடும். தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பிறகு, பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாத கரைசலில்) முதல் அளவு. மாதிரி நீரில் 10 நிமிடம். பஃபரில் கழுவி இரண்டாம் அளவு. 2.0 மைக்ரோஆம்பியர் 1.5 ஆனால் முடக்கம் 25 விழுக்காடு. மாதிரிக்குப் பதில் வெறும் பஃபரில் ஊறவைத்த இன்னொரு பட்டையும் கட்டாயம் வேண்டும். அதிலும் அதே அளவு இறங்கினால் குறை தண்ணீரில் இல்லை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உறையை உடனே பிரிக்காதீர்கள். ஈரம் படிந்து நொதி வலுவிழக்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரியுங்கள். இரண்டு அளவுகளையும் ஒரே வெப்பநிலையில் எடுங்கள்; இடையில் நீர் குளிர்ந்தாலும் மின்னோட்டம் குறையும்.

ஆய்வகம் கண்டதைப் பட்டை காணாமல் விடுவதும் உண்டு. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லிகள் இரண்டும், கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறிய ஆக்சான் வடிவத்துக்கு மாறினால்தான் நொதியை வலுவாக முடக்கும். களைக்கொல்லியான கிளைஃபோசேட்டும் பூச்சிக்கொல்லியான இமிடாகுளோப்ரிட்டும் இந்த நொதியை முடக்காததால் இந்தப் பட்டையில் தெரியாது. இது முதற்கட்டச் சோதனை என்றே நாங்கள் எப்போதும் சொல்லி வருகிறோம். பட்டை காட்டியதை உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும்.

புகார் பரவியபோதும் எங்களை விடாமல், அளவுகளைக் குறித்து அனுப்பிய உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தாள்கள்தான் குளோரினை அடையாளம் காட்டின. ஐயமிருந்தால் தொகுப்பு எண், இரண்டு அளவுகள், நீரின் வெப்பநிலை ஆகியவற்றை எழுதுங்கள். பார்த்துப் பதில் தருகிறோம்.

வெள்ளிப் பசையும் நொதியும் விலை ஏறியிருப்பதால், அடுத்த தொகுப்பு முதல் ஒரு பெட்டியில் 25க்குப் பதில் 20 பட்டைகள் இருக்கும். பெட்டியின் விலை மாறாது.

அன்புடன்,
உரிமையாளர்