இன்டர்சேஞ்சில் பத்து நிமிடம்

அன்புள்ள அம்மாடிக்கு,

தீபாவளிக்கு வருகிறேன், ஆனால் ஹோட்டலில் தங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன் அம்மா அரை நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் புரிந்தது. போன தடவை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய விருந்தாளிக் கூட்டம் இரவு பத்துக்குத்தான் ஓய்ந்தது. நடுவில் நீ குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாய். வயிற்றுக்கோளாறு என்று நினைத்து அத்தை ஓமத்தண்ணீரோடு வாசலில் நின்றாள்.

யீஷூன் நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1921இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் மனிதர்களை இன்ட்ரோவர்ட் (மனம் உள்நோக்கித் திரும்புகிறவர்), எக்ஸ்ட்ரோவர்ட் (வெளியுலகை நோக்கித் திரும்புகிறவர்) என்று பிரித்து எழுதியிருக்கிறார். கூச்சம் வேறாம், இன்ட்ரோவர்ட்டாக இருப்பது வேறாம். கூச்சக்காரருக்கு ஆட்களைக் கண்டால் பயம்; உனக்குப் பயமில்லை, களைத்துப்போகிறாய். பிறகு வந்தவர்கள் நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டு எச்சிலை அளந்து பார்த்திருக்கிறார்கள். உன்னைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம் ஊறியதாம். நானும் சோதிக்கலாமென்று பழத்தை எடுத்தேன். ரசத்துக்கு வைத்தது என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

நான் 27 வருடம் பஸ் ஓட்டினேன். மாடி பஸ்ஸில் பின்னால் நூறு பேர் இருந்தாலும் யாரும் என்னிடம் கதை பேசமாட்டார்கள், அதுவே எனக்குச் சுகம். ஒவ்வொரு நடை முடிந்ததும் இன்டர்சேஞ்சில், அதாவது பஸ் நிலையத்தில், பத்து நிமிடம் கதவைச் சாத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பேன். அது கிடைக்காத நாளில் வீட்டுக்கு வந்து உங்கள்மேல் எரிந்துவிழுவேன். அப்படிப்பட்ட நானே, பத்து வயதில் நீ அறைக்குள் ஒளிந்தபோது விருந்தாளிகள் முன்னால் 'உம்மணாமூஞ்சி' என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வீட்டுக்கே வா. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை வருகிறவர்களோடு இரு. பிறகு உன் அறைக்குப் போ, கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கையில் வேலை இருந்தால் பேச்சு குறையும். கல்யாண வீடுகளில் நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்வது அதனால்தான். பலகாரத் தட்டு உன் பொறுப்பு. சாயங்காலம் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம் வரை நடந்துவிட்டு வரலாம். முறுக்குச் சுடும் நாளில் மட்டும் தப்ப முடியாது, அம்மாவுக்குப் பிழிய ஆள் வேண்டும்.

விமானம் எத்தனை மணிக்கு என்று அனுப்பு. சாங்கிக்கு நான் மட்டும்தான் வருவேன். வழியில் நீ எதுவும் பேச வேண்டாம்.

அப்பா