இருபதோ நாற்பதோ எண்டு மட்டும் எழுது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிறது. நாங்கள் சுகம். அம்மாவின்ர முழங்கால் வழமை மாதிரித்தான்.

முதல் விசயம், வாய்க்காலில நீ இப்ப குடியிருக்கிற வள்ளத்தில உள்ள அந்தக் காபன் மொனொக்சைட் அலாரம். நடுவில ஒரு பொத்தான் இருக்கும். கிழமைக்கு ஒருக்கா அமத்திப் பார், கத்தவேணும். கத்தாட்டி பற்றியை மாத்து. ஆக்கள் படுத்தெழும்புற வள்ளம் எல்லாத்திலயும் 2019 சித்திரையில இருந்து அது கட்டாயம் எண்டு எனக்கும் தெரியும். நாலு வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிற பாதுகாப்புச் சேர்ட்டிபிக்கற் உன்னட்டை இருக்கெண்டும் சொன்னனீ. சேர்ட்டிபிக்கற் இருந்தாப்போல அலாரம் கத்துமோ? ராவில அடுப்புக்குக் கரியைப் போட்டிட்டு, குளிருக்கெண்டு காத்து வாற ஓட்டையளைத் துணியால அடைச்சுப்போட்டுப் படுக்காதை. அந்த மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை, கண்ணுக்கும் தெரியாது. நித்திரையிலயே ஆளைக் கொண்டுபோயிடும்.

ரெண்டாவது, உன்ர கடிதங்கள். பதினொண்டு வந்து கிடக்கு. ஹோல் மேசையில றப்பர் பாண்ட் போட்டு வைச்சிருக்கிறன். வங்கி ஒண்டு, வரிக் கந்தோர் ரெண்டு, வாய்க்கால்காரர் ஒண்டு, மிச்சம் உன்ர பிளற் கட்டடக்காரர். மூண்டு கிழமையா நீ வந்து எடுக்கேல்லை. போனும் எடுக்கிறாயில்லை. “பிஸி அப்பா” எண்டு மெசேச் வருது. ரெண்டு சொல்லு. போன கிழமையும் அதே ரெண்டு சொல்லு.

வங்கிக் கடிதத்தை உடைச்சிட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. உன்ர பேருக்குப் பின்னால நிக்கிறது என்ர பேர்தானே, கவரில முதலெழுத்தும் பேரும் மட்டும் கண்டவுடன எனக்கு வந்ததெண்டு கிழிச்சுப்போட்டன். பிறகு மூடவும் ஏலாது. பிளற்றை வாடகைக்கு விட வங்கி தந்த அனுமதி பங்குனியோட முடியுதாம். புதுப்பிக்கவேணும், இல்லாட்டி வாடகைக்கு விடுறவைக்கெண்டு இருக்கிற மோட்கேஜுக்கு மாறவேணும். அதைப் பாத்துச் செய். குடியிருக்க எண்டு வாங்கின லோனில சொல்லாமல் ஆளை இருத்தினா வங்கி சும்மா விடாது, காப்புறுதியும் நிக்காது.

இனி இதையும் கேள். இங்கிலாந்தில வாடகைச் சட்டம் மாறுது. 2026 மே 1 இல இருந்து காரணம் சொல்லாமல் வாடகைக்காரரை எழுப்பேலாது. நீயே திரும்பிப்போய் உன்ர வீட்டில இருக்கப்போறன் எண்டாலும் நாலு மாத நோட்டீஸ் குடுக்கவேணும். அதுவும் அவை குடிவந்து ஒரு வருசம் முடியுமுதல் ஏலாது. விளங்குதோ? குளிர் தாங்கேலாமல் ஒரு நாள் ராத்திரி நினைச்சா அடுத்த நாள் காலமை போய்க் கதவைத் திறக்கிற வீடில்லை இனி அது. திறப்பு உன்னட்டை இருக்கும். வீடு மற்றவையின்ர.

அதோட, அவைக்கு நீ வருசாவருசம் காஸ் சேர்ட்டிபிக்கற் எடுத்துக் குடுக்கிறாய். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கரண்ட் வயர் சோதிப்பிக்கிறாய். அஞ்சு கிழமை வாடகையை டிப்பொசிற்றா வாங்கி முப்பது நாளுக்குள்ள பாதுகாப்புத் திட்டத்தில போட்டாய் எண்டும் சொன்னனீ. எல்லாம் ஒழுங்கு, நீ ஒழுங்கான பிள்ளை. மற்றவன் படுக்கிற அறைக்கு இவ்வளவு பாக்கிறாய். நீ படுக்கிற இடத்தை ஆர் பாக்கிறது? அந்தப் பொத்தானை அமத்திப் பார்.

நான் கணக்குப் போட்டனான். குறை நினைக்காதை, எனக்கு வேற வேலையில்லை. மாதம் 1,700 எண்டா வருசத்துக்கு 20,400. ஏஜென்ட், கட்டடச் சேவைக் காசு, திருத்தவேலை எண்டு 5,400 போனா மிச்சம் 15,000. வங்கிக்கு வட்டி 10,000. முந்தியெண்டா வட்டியைக் கழிச்சு மிச்ச அஞ்சுக்குத்தான் வரி. 2017 இல தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமா அதை நிப்பாட்டி, 2020 ஓட முழுக்க நிப்பாட்டிப்போட்டினம். இப்ப 15,000 க்கும் வரி போட்டு, வட்டியில 20 வீதத்தை மட்டும் திருப்பிக் கழிக்கினம். சம்பளம் கூடின ஆளுக்கு 40 வீதம், அதாவது 6,000. அதில 2,000 கழிச்சா வரி 4,000. கையில நிக்கிறது வருசத்துக்கு ஆயிரம் பவுண். சம்பளம் குறைஞ்ச ஆளுக்கு, இல்லாட்டி சம்பளமே இல்லாத ஆளுக்கு, எப்பிடிப் பாத்தாலும் நாலாயிரமாவது நிக்கும்.

ஆயிரம் பவுணுக்காண்டி ஆராவது ரெண்டு அறை பிளற்றை விட்டிட்டு ஆறடி பத்தங்குல அகலத்துக்குள்ள போய்ப் படுப்பினமோ? அந்த ஆயிரம் வள்ளத்தின்ர லைசென்சுக்கே காணுமோ தெரியாது. கரி, டீசல், காஸ் சிலிண்டர், ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா வள்ளத்தைத் தண்ணிக்கு வெளியில எடுத்து அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூசுறது, அது வேற.

தை 31 க்கு முதல் வரிப் படிவம் நிரப்பவேணும். அதுக்காகத்தான் கேக்கிறன். உன்ர வீதம் இருபதோ நாற்பதோ எண்டு மட்டும் எழுது. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை.

அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவவுக்கு நீ பிளற்றிலதான் இருக்கிறாய். கிளாலிக் கடலேரியை வள்ளத்தில கடந்ததுக்குப் பிறகு அவ குளிக்கிற தொட்டியில தண்ணி நிரப்பினதில்லை எண்டு உனக்குத் தெரியும். நீ அண்டைக்கு அவவின்ர மடியில நித்திரை, உனக்கு ஒண்டும் ஞாபகமிராது. இப்ப அந்த மடியில கிடந்தவள் தண்ணிக்கு மேல தனியப் படுக்கிறாள் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது? “பிள்ளை ஏன் எங்களைப் பிளற்றுக்கு வரச் சொல்லுறாளில்லை” எண்டு கேக்கிறா. பெயின்ற் அடிக்கிறாள் எண்டு சொன்னன். ஆறு மாதமா பெயின்ற் அடிக்கிறாய்.

நீங்கள் பதினாலு நாளைக்கு மேல ஒரு இடத்தில நிக்கேலாதாம், சொந்தத் துறை எடுக்காத வள்ளம் ஓடிக்கொண்டே இருக்கவேணும் எண்டது 1995 ஆம் ஆண்டுச் சட்டமாம். எனக்கு அந்த வருசத்தை வாசிச்சவுடன என்னவோ செய்துது. அந்த வருசம் ஐப்பசிக் கடைசியில ஒரு ராவில யாழ்ப்பாணம் முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தில நிண்டுது. உன்ர அப்பம்மாவும் அதுக்குள்ள. அவையை ஷெல் எழுப்பினது. உன்னைப் பதினாலு நாளைக்கு ஒருக்கா ஆர் எழுப்பினம்? நீயாத்தானே எழும்பிப் போறாய்.

சரி, இதையும் சொல்லிப்போடுறன். நான் வந்தனான்.

போன செவ்வாய்க்கிழமை. அல்பேட்டன் சந்தியில சாமான் வாங்கப் போனனான், அப்பிடியே வாய்க்கால் கரையில இறங்கி நடந்தன். நோர்த் சேர்குலர் றோட்டுக்கு மேலால வாய்க்கால் போகுது தெரியுமோ? உனக்குத் தெரியும், நீ அதுக்கு மேலால போனனீ. பதினேழு வருசம் அதுக்குக் கீழால மினிகாப் ஓடினவன் நான். மேல ஒரு பாலம் எண்டு தெரியும், அதில தண்ணி நிக்குதெண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை. அதில நிண்டு கீழ பாத்தா மூண்டு லேனில கார் போகுது, பக்கத்தில ஒரு தாரா பேசாமல் நீந்துது.

அங்கால கொஞ்சத் தூரத்தில உன்ர பச்சை வள்ளம். கூரையில நாலு கரி மூட்டை, சைக்கிள், சூரியத் தகடு. குழாயால புகை. யன்னலில அம்மா பதிவைச்சுத் தந்த கறிவேப்பிலைக் கண்டு. அது இன்னும் நிக்குது, அஞ்சு இலை எண்ணினன். உள்ளுக்கை நீ அடுப்புக்குப் பக்கத்தில ரெண்டு காலையும் எதிர்ச்சுவரில ஊண்டிக்கொண்டு ஒரு புத்தகத்தோட இருந்தாய். பத்தரை மணி. வேலை நாள். கொம்பியூட்டர் ஒண்டையும் காணேல்லை.

தட்டேல்லை. கையைத் தூக்கினனான், தட்டேல்லை. ஐஞ்சு நிமிசம் நிண்டிட்டுத் திரும்பிட்டன். பஸ்ஸில வரேக்கைதான் எனக்கு ஒண்டு விளங்கினது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம், அலாரத்தையும் வரியையும் எழுதிக் கடத்திக்கொண்டு வாறன்.

நீ இருந்த இருப்பு எனக்குப் பழக்கமான இருப்பு. படியில இருந்த மாதிரி.

எங்கட வீட்டுப் படியில, மேலயிருந்து நாலாவது, காப்பெற் தேஞ்ச இடம் இன்னும் கிடக்கு. ஒரு சுவரில முதுகு, மற்றச் சுவரில கால். பெடியள் குசினியால கோப்பையோட மேல ஏறேக்கை தலையை நிமித்தாமல் புத்தகத்தை மட்டும் ஒரு பக்கம் இழுப்பாய். கறி ஒருக்கா உன்ர கணக்குக் கொப்பியில ஊத்துப்பட்டது. நான் கோயிலில ஆரைக் கண்டாலும் சொல்லுவன், “என்ர பிள்ளை படியில இருந்து படிச்சவள்” எண்டு. இருபது வருசமா பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஏன் படியில இருந்தவள் எண்டு ஒருதரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

அந்தப் பொக்ஸ் றூம், அந்தச் சின்ன அறை, உன்ர. பதினொரு வயசில உன்னட்டை இருந்து அதை வாங்கினனான். வன்னியால வந்த பெடியன், மூண்டு கிழமைக்கு மட்டும் எண்டு சொன்னன். கிழமைக்கு 45 பவுண். நீ கம்பஸ் போகுமட்டும் உன்னட்டை அது திரும்பி வரேல்லை. ஒருக்காக் கேட்டாய், “அப்பா, அறை எப்ப கிடைக்கும்?” எண்டு. “கடன் முடியட்டும்” எண்டு சொன்னன்.

பிள்ளை, கடன் 2004 இலயே முடிஞ்சுது. உன்ர மாமியின்ர சீதனக் காசு, எங்களைக் கூப்பிட்ட ஏஜென்சிக் காசு, சீட்டுக் காசு எல்லாம். நான் ஒருதருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்கும் தெரியாது. உனக்கு அப்ப பதினாலு. இன்னும் நாலு வருசம் நீ படியில இருந்தாய். ஏன் எண்டு கேட்டா என்னட்டை மறுமொழி இல்லை. சனிக்கிழமை காலமை அந்தப் பிஸ்கற் தகரத்துக்குள்ள வாடகையை எண்ணி வைக்கிற பழக்கம், அதை விட மனம் வரேல்லை. தகரம் குறையுமோ எண்ட பயம். அவ்வளவுதான். வேற வடிவான காரணம் சொல்ல யோசிச்சுப் பாத்தன், வரேல்லை.

இப்ப நீயும் உன்ர அறையை வாடகைக்கு விட்டிட்டு ஒடுங்கின இடத்தில கால் ஊண்டிக்கொண்டு இருக்கிறாய். நான் பழக்கினதோ இது? இல்லாட்டி, ஒருதரும் மேல ஏறிப் போகாத இடம் எண்டு தேடித்தான் போனனியோ? அப்பிடியெண்டா நான் ஒண்டும் சொல்லமாட்டன். வேலை போயிருந்தாலும் சொல்லமாட்டன். வேலை எத்தினையோ வரும். நான் பெற்றோல் செற்றில நிண்டவன், எனக்குச் சொல்ல என்ன வெக்கம்?

பொக்ஸ் றூமில இப்ப சூட்கேஸ்தான் கிடக்கு. ஒதுக்கிப்போட்டன். வா எண்டு சொல்லேல்லை, ஒதுக்கிப்போட்டன் எண்டு சொல்லுறன்.

வாய்க்கால் கதவுகள் மாரியில திருத்தவெண்டு பூட்டுவினம், வழியைப் பாத்து ஓடு. பனியில வள்ளத்தின்ர விளிம்பால நடக்கேக்கை கவனம். கார்த்திகை விளக்கீட்டுக்கு வந்தா அம்மா சந்தோசப்படுவா. பெயின்ற் அடிச்சு முடிஞ்சுதெண்டு சொல்லு.

உனக்கு எழுதிற கடிதத்துக்கும் எங்கட விலாசம்தான் போடவேண்டியிருக்கு. அம்மா தமிழ் எழுத்தைக் கண்டா வாசிச்சுப்போடுவா. அதால மண்ணிறக் கவருக்குள்ள வைச்சு, உன்ர பேரை இங்கிலிசில ரைப் அடிச்சு ஒட்டி, வரிக் கந்தோருக்கும் வங்கிக்கும் நடுவில செருகியிருக்கிறன். கவர் பாரமா இருக்கும். உள்ளுக்கை பற்றி ரெண்டு கிடக்கு, அலாரத்துக்கு.

அன்புடன்,
அப்பா