சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள மல்லி,

உன் குரல்பதிவு மூன்றையும் கேட்டேன். முதல் பதிவில் பாதி நேரம் மிக்சி சத்தம்தான். அண்ணனுக்கு முட்டி அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இப்போதைக்கு மாடிப்படி வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சௌக்கியம். சின்னவன் கட்டாயத் தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு, ஞாயிறு மாலை வரை தூங்கி எழுந்து போகிறான். சண்டைக்குக்கூட ஆள் இல்லாத வீடாகிவிட்டது.

இரண்டாவது பதிவில்தான் விஷயமே இருந்தது. ஆக, நூலகப் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள். நூலக ஊடக ஆசிரியர் என்பதை மலாயில் குரு பெர்புஸ்தகாஆன் டான் மீடியா என்று நீ ஒரே மூச்சில் சொன்னதைக் கேட்டு ரயிலில் தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளைகளை எப்படிடி படிக்கவைக்கிறே, ரகசியத்தைச் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். ரகசியம் இருந்தால் இதற்குள் விற்றிருப்பேன். ஆனால் இந்தப் பள்ளி நூலகத்தில் 11 வருடம் ஓட்டியதில் செய்த தப்புகள் கைவசம் நிறைய உண்டு. அவற்றில் சிலதைத் தருகிறேன்.

முதல் தப்பு உன் கேள்வியிலேயே இருக்கிறது. படிக்கவைப்பது. நம் மொழியில் இந்தச் சொல் ஒரு கண்ணி, மல்லி. "போய்ப் படி" என்று ஓர் அம்மா சொன்னால் கணக்குப் பயிற்சி செய் என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் அர்த்தம். கதைப் புத்தகத்தோடு சோபாவில் கவிழ்ந்து கிடக்கிற பிள்ளையைப் பார்த்தும் அதே அம்மா "போய்ப் படி" என்றுதான் விரட்டுகிறார். அதனால் நூலகத்துக்குள் அந்தச் சொல்லையே நான் எடுப்பதில்லை. "இதைப் பாரேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

வந்த புதிதில் எனக்கு இந்த ஞானம் எல்லாம் இல்லை. சுவர் முழுக்க ஓர் அட்டை ஒட்டினேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பென்சில், ஐம்பதுக்குப் பரிசு. ஒரே மாதத்தில் இரவல் எண்ணிக்கை எகிறியது, முதல்வர் வந்து கைகுலுக்கினார். தொடக்கநிலை நான்கில் ஒரு பையன் எல்லாரையும் முந்திக்கொண்டு போனான். ஒருநாள் அவன் திருப்பிக் கொடுத்த முதலைப் புத்தகத்தைக் காட்டி, "இதில் என்னப்பா நடக்கிறது?" என்று சும்மா கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இருபத்துநாலு பக்கம், டீச்சர்."

அவன் மேல் குற்றம் இல்லை. நான் கொடுத்த தாளில் பக்க எண்ணிக்கைக்குத்தான் கட்டம் போட்டிருந்தேன், முதலைக்குப் போடவில்லை. அந்த வாரமே அட்டையைக் கழற்றினேன். கழற்றியதும் இரவல் பாதியாகக் குறைந்தது. அதற்கு நான் கேட்ட பேச்சைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

உங்கள் மலேசியாவில் நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டம் இருக்கிறது, எனக்குத் தெரியும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், சுருக்கம் என்று எழுதி வாங்குவீர்கள், இப்போது கணினியிலும் ஏற்றச் சொல்கிறார்கள். திட்டத்தின் நோக்கத்தில் பழுதில்லை. மேலிடத்து உத்தரவு, நீ தப்பிக்கவும் முடியாது. செய். ஆனால் பதிவுக்கு என்று சில புத்தகங்களை ஒதுக்கிவிடு. மற்றதை யாரும் எதுவும் கேட்காத புத்தகங்களாக விடு. வாசித்து முடித்த பிள்ளையிடம் உடனே "என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்பது, சாப்பிட்டு முடித்தவனிடம் என்னென்ன சத்து சேர்ந்தது என்று எழுதி வாங்குகிற மாதிரி. உனக்கும் எனக்கும் கதைப் பைத்தியம் பிடித்த வயதில் யாராவது நம்மிடம் சுருக்கம் கேட்டார்களா?

சரி, நடந்த நல்லதையும் சொல்கிறேன். ஒரு பெண் பேய்க்கதை இருக்கிறதா என்று குசுகுசுவென்று கேட்டாள். எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டாமே என்று ஒரு துண்டுச் சீட்டில் 133 என்று எழுதிக் கொடுத்தேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டியூயி பகுப்பில் பேய், ஆவி எல்லாம் அந்த எண்ணில்தானே வரும். அடுத்த வாரம் அந்தத் தட்டே காலி. ஓய்வு நேரத்தில் பையன்கள் வந்து, பெயர் சொல்லாமல், "ஒன் த்ரீ த்ரீ வந்துவிட்டதா?" என்று கேட்டார்கள். ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி. பிறகு 567 டைனோசர், 796 விளையாட்டு, 398 நாட்டுப்புறக் கதை என்று அவர்களே எண்களைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் கொடுத்தது என்ற வாடை இல்லாமல், தாங்களே கண்டெடுத்தது என்று தோன்றினால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கூடவே செய்தது, களையெடுப்பு. பழுப்பேறியது, அட்டை கிழிந்தது, 90களின் கணினிப் பாடம் எல்லாவற்றையும் எட்டுப் பெட்டியில் கட்டி வெளியேற்றினேன். புத்தகத்தைத் தூக்கிப் போடுகிறாளே என்று சிலருக்கு மனக்கஷ்டம். கிடைத்த இடத்தில் மீதிப் புத்தகங்களை முதுகு தெரியாமல் முகம் தெரிய நிறுத்தினேன். தேக்கா சந்தையில் மீன்காரர் மீனை எப்படி அடுக்குகிறார், அப்படித்தான். புதுசாக ஒன்றும் வாங்கவில்லை. "எப்போ டீச்சர் இவ்வளவு புதுப் புத்தகம் வந்துச்சு?" என்கிறார்கள்.

இனி வருவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம். தமிழ்ப் புத்தகம். உன் பள்ளியில் பிள்ளைகள் நாள் முழுக்கத் தமிழில் இருக்கிறார்கள், உனக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது. இங்கே 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் ஏறத்தாழ 10 பேரில் 6 பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் தடித்தடியாகத் துப்பறியும் கதை வாசிக்கும். அதே பிள்ளை தமிழில் எழுத்துக் கூட்டும். அதன் தமிழுக்கு ஏற்ற புத்தகத்தைக் கொடுத்தால் உள்ளே முயலும் ஆமையும். "நான் என்ன பேபியா?" என்று முகம் சிவக்கிறது. வயசுக்கு ஏற்றதைக் கொடுத்தால் இலக்கணத் தமிழ், முதல் பத்தியிலேயே மூச்சு வாங்குகிறது. பாட்டி பேசுகிற தமிழ் வேறு, அச்சில் நிற்கிற தமிழ் வேறு என்று அதற்கு யாரும் சொன்னதும் இல்லை.

இதற்கு ஒரு குறுக்குவழி தற்செயலாகக் கிடைத்தது. தொடக்கநிலை ஐந்து பிள்ளைகள் சிலரிடம் ஓர் உதவி கேட்டேன்: "ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்குத் தமிழ்க் கதை வாசித்துக் காட்ட ஆள் இல்லை, வருகிறீர்களா?" உதவி என்றதும் வந்துவிட்டார்கள். இப்போது முயலும் ஆமையும் வாசிப்பதில் வெட்கம் இல்லை பார், தங்கச்சிக்காக அல்லவா வாசிக்கிறார்கள்! தப்பாக வாசித்துவிடக் கூடாதே என்று முந்தின நாளே வந்து ஒத்திகை பார்க்கிறார்கள். எனக்குத் தெரியாமல் "ழ"வை முணுமுணுத்துப் பழகுகிறார்கள். ஒரு பையன் ஆமைக்கு அவனுடைய தாத்தா குரலை வைத்தான், மெதுவாக, இருமலோடு. குட்டிகள் உருண்டு சிரித்தன. மறுவாரம் இன்னொரு கதை கேட்டு அவனே வந்தான், அதிலும் தாத்தா இருக்க வேண்டுமாம். தேடிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் ஒரே பள்ளித் தவணையில் அவன் வாசித்த ஆமைக் கதைகளின் எண்ணிக்கையை நான் குறித்துவைக்கவில்லை. குறிக்கக் கூடாது என்று அந்த முதலை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு தந்திரம். ஓர் அத்தியாயத்தைப் பேச்சு நடையில் இழுத்து இழுத்து வாசிப்பேன். கதவு திறக்கிறது, உள்ளே யார் என்று சொல்வதற்குள் மணி அடிக்கும். (மணி அடிக்கிற நேரம் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.) புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். எல்லா முறையும் பலிக்காது. பலித்தால் இரண்டு பேர் அதைப் பிடித்து இழுப்பார்கள். சிறுவர் இதழான பாலர் முரசில் தெரிந்த பிள்ளையின் எழுத்து வந்தாலும் அப்படித்தான், அந்தத் தாளுக்கு அன்று தனி மவுசு.

காலையில் கொடியேற்றத்துக்கு முன் எங்கள் பள்ளியில் மௌன வாசிப்பு உண்டு. ஓர் இளம் ஆசிரியர் என்னிடம், "அக்கா, இதனால் பயன் இருக்கிறதா?" என்று கேட்டார். அமெரிக்காவில் 2000இல் வந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கை, சும்மா மௌனமாக வாசிக்க விட்டால் சரளம் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னதாம். சொன்னது உண்மைதான். ஆதாரம் போதவில்லை என்றார்களே தவிர, பயனே இல்லை என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். ஆசிரியரும் ஒரு புத்தகத்தோடு உட்கார்கிற வகுப்பில் பிள்ளைகள் பக்கம் புரட்டுகிறார்கள். ஆசிரியர் தாள் திருத்துகிற வகுப்பில் புத்தகத்துக்குள் கைவிரல் சண்டை நடக்கிறது.

பெற்றோரைப் பற்றி எழுதினால் கோபம் வரும், விடு. தொடக்கநிலை ஐந்து பிறந்துவிட்டால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஜுரம். கதைப் புத்தகம் எல்லாம் பரணுக்குப் போய் அசெஸ்மெண்ட் என்கிற பயிற்சிப் புத்தகம் மேசையில் ஏறிவிடும்.

அப்புறம், இந்தக் "கேட்காமல் விடுவது" எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிது, உனக்கு அழுது அழுது கடிதம் போடுவேனே, அந்தக் காலம். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் அந்தச் சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் இருந்தது. 1960இல் திறந்தது. 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள், வாசல் தூண் இரண்டு மட்டும் இன்னும் நிற்கிறது. ஊர் நினைப்பு தாங்காத நாட்களில் அங்கே தமிழ் அலமாரி முன்னால் போய் நிற்பேன். ஒரு நூலகர் அம்மா, தமிழ் தெரியாதவர், நான் எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறார் போல. ஒருநாள் அன்று வந்த புதுத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை, தள்ளுவண்டியிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிடித்ததா என்று கடைசிவரை கேட்கவே இல்லை. அவர் கேட்கவில்லை என்பதாலேயே நான் மறுபடி போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாரும் இப்படி மாறிவிடுகிறார்கள் என்று கணக்குக் காட்டமாட்டேன். ஒரு பையன் இரண்டு வருடமாக ஓய்வு நேரம் தவறாமல் வருகிறான். ஏசிக்கு அடியில் மெத்தையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறான். அவனை வெளியேற்றச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. போன மாதம் புதிதாக வந்த ஒரு பிள்ளை திருதிருவென்று நின்றபோது, படுத்தபடியே கையை நீட்டி, "கார் புத்தகம் அங்கே, மூணாவது தட்டு" என்றான். சரியாகச் சொன்னான். அவனை மாணவ நூலகராகச் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை ஒரு புத்தகம்கூட இரவல் எடுக்கவில்லை.

கணக்கு டீச்சருக்கு நூலகம் எதற்கு என்று அலுத்துக்கொண்டாயே. சீர்காழிக்காரர் ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். வந்த சில நாளிலேயே வேலை சலித்து, வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்றவர். லண்டன் போய்ப் படித்து வந்த பிறகுதான் மனம் ஒட்டியது. 1931இல் அவர் நூலக இயலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. இதைக்கூடவா எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றும். நம் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார். பெரியவாத்தியார் அறையில் அந்தக் கண்ணாடி அலமாரி, பூட்டு, அவர் இடுப்பில் சாவி. கண்ணாடி வழியாகவே எல்லாத் தலைப்பையும் மனப்பாடம் செய்து, உள்ளே என்ன கதை இருக்கும் என்று நாமே கட்டிக்கொண்டோமே. ஆறு வருடத்தில் அது திறந்து நான் பார்த்தது இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஒரு தடவை.

அதனால்தான் உன் மூன்றாவது பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "பிள்ளைங்க கலைச்சிடுவாங்கன்னு அலமாரியைப் பூட்டித்தான் வெச்சிருக்கோம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டாய். அந்தச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? உன்னிடமா? பதில் எழுது, குரல்பதிவு வேண்டாம்.

தீபாவளிக்கு முன் நாத்தனார் ஈப்போ வருகிறார். ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன், பேய்க்கதை நான்கு, ஆமைக் கதை ஒன்று, சமையல் புத்தகம் ஒன்று, மீதி படக்கதை. வெளியே மேசையில் வை. காணாமல் போனால் போகட்டும், அடுத்த பெட்டி அனுப்புகிறேன். திரும்பி வரும்போது அவர் கையில் உன் தேன்குழலைக் கொடுத்தனுப்பு, கடைத் தேன்குழல் வேண்டாம்.

உன்,
சரசு